காசு வைத்தால்தான் விசில் வரும்: மெம்பிஸில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வியாழன்

அட்லாண்டாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். பர்மிங்ஹாம் தாண்டி, டுபெலோ தாண்டி, மத்தியானம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் வந்து சேர்ந்தாயிற்று. 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். வழியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டியிருந்ததில் சித்திக்கு ஒரே சந்தோஷம். “ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சுது பாரு.”

வழி நெடுக அவர் மடியிலிருந்து அந்தப் பெட்டி இறங்கவேயில்லை. பழைய பட்டுப்புடவைப் பெட்டி. உள்ளே மடித்த இரண்டு பருத்திப் புடவைகள், அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு இசைத்தட்டு. 7 அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று. நடுவில் பெரிய ஓட்டை, அதில் மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு சின்னச் சக்கரம். லேபிளில் மின்னல் கீற்றோடு வோல்ட் என்ற கம்பெனி பெயர். பாடியவர் ஓடிஸ் ரெடிங். பாட்டு ‘சிட்டிங் ஆன் தி டாக் ஆஃப் தி பே’. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் ‘விசில் பாட்டு’.

சித்தப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. திருச்சியிலிருந்து என்னோடு கொஞ்ச நாள் இருக்க வந்த சித்தியிடம் எங்கே கூட்டிப்போகட்டும் என்று கேட்டேன். “நயாகரா எல்லாம் வேண்டாம் கண்ணு. மெம்பிஸ் காட்டு, போதும்” என்றார்.

1972-ல் சித்தப்பா படிக்க வந்த ஊர் இது. அப்போது மெம்பிஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டி என்று பெயர். பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த சில வீடுகளில் அவர் முகத்தைப் பார்த்ததும் அறை காலி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கடைசியில் ஊரின் தெற்கே, கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு விதவை அம்மாள் தன் வீட்டின் பின்னறையை அவருக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அவரை ‘மெம்பிஸ் அம்மா’ என்றுதான் சொல்வோம். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் சமையல் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் கீரையைப் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பார்கள். சைவக்காரரான சித்தப்பாவுக்காக அவர் தனிச் சட்டியில் வெறும் கீரை வேகவைத்தார். ஜனவரி 1 அன்று தட்டப்பயறு சாப்பிட்டால் வருஷம் நன்றாக இருக்கும் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. அதனால் திருச்சியிலும் ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் தட்டப்பயறுதான்.

1974-ல் சித்தப்பா ஊருக்குக் கிளம்பியபோது அந்த அம்மாள் கொடுத்தது இந்த ரெக்கார்ட். அது அவருடையது இல்லை, அவர் கணவருடையது. லேபிளின் ஓரத்தில் நீலப் பேனாவில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. விருந்துக்கு எடுத்துப் போகும் ரெக்கார்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க அப்படி எழுதிவைப்பார்களாம், நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் போல.

ரெக்கார்டில் ஒரு கீறல் உண்டு. பாட்டின் கடைசியில் விசில் வருவதற்குச் சற்று முன்னால் முள் அதில் மாட்டிக்கொள்ளும். பின்னால் குதித்து, பாடிய இடத்தையே திரும்பத் திரும்பப் பாடும். முள்ளுக்கு மேலே ஒரு காசை வைத்தால் அந்தப் பாரத்தில் தாண்டிவிடும். மெம்பிஸ் அம்மா ஒரு சென்ட் காசு வைத்தார். சித்தப்பா திருச்சி வீட்டு ரெக்கார்ட் பிளேயரான எச்எம்வி ஃபியஸ்டாவில் நாலணா வைத்தார். காசு வைத்தால்தான் விசில் வரும். சின்ன வயதில் ஏதோ மந்திரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி தூங்கிவிட்டார். பெட்டி தலைமாட்டில் இருக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

மெக்லெமோர் அவென்யூ, எண் 926. வாசலில் பழைய சினிமா தியேட்டர் முகப்பு, அதில் பெரிய எழுத்தில் ‘சோல்ஸ்வில் யுஎஸ்ஏ’. ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி இருந்த இடம், இப்போது அருங்காட்சியகம். வோல்ட் அதன் கிளைப் பெயர். அதாவது சித்தி மடியில் இருந்த தட்டு பாட்டாகப் பிறந்த இடம்.

காரை நிறுத்தியதும் சித்தி இறங்கவில்லை. “உங்க சித்தப்பா இந்த ரோட்டுலதான் பஸ் ஏறுவார். கடிதாசில எழுதியிருந்தார்” என்றார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஸ்டாக்ஸை ஆரம்பித்தவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி ஜிம் ஸ்டூவர்ட், அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன். இருவரின் குடும்பப் பெயர்களிலும் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஸ்டாக்ஸ். இருவருக்கும் வங்கியில் வேலை. ஒலிப்பதிவு இயந்திரம் வாங்க அக்கா தன் வீட்டை அடமானம் வைத்தார். இதைக் கேட்டதும் சித்தி நின்றுவிட்டார். “தம்பிக்காகவா?” என்று கேட்டு, திரும்பிப்போய் அந்த அம்மாளின் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

1960-ல் மூடிக் கிடந்த கேப்பிட்டல் தியேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். நாற்காலிகளைப் பிடுங்கினார்கள். ஆனால் திரையை நோக்கிச் சரியும் தரையைச் சமப்படுத்தக் கையில் பணமில்லை. அதனால் அங்கே பதிவான பாட்டுகளுக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒரு முழக்கம் வந்தது என்கிறார்கள். முன்பக்கம் ஒரு ரெக்கார்ட் கடை போட்டார்கள். கடையைப் பார்த்துக்கொண்டது அக்கா. தெருப் பிள்ளைகள் வந்து பாட்டு கேட்டு நிற்பார்கள். எது விற்கும், எது விற்காது என்பதை அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். மெம்பிஸ் அம்மாவின் கணவர் இந்த ரெக்கார்டை வாங்கியதும் அந்தக் கடையில்தான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு மரக் கோயில். மிசிசிப்பி கிராமத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய சின்ன தேவாலயத்தைப் பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். கறுப்பின மக்களின் பாட்டு வகையான சோல் இசையின் வேர் அங்கேதான். ஆண்டவனைப் பாடிய அதே குரலை எடுத்துக் காதலையும் பிரிவையும் பாடினார்கள். சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். காவலுக்கு நின்றிருந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

ஓடிஸ் ரெடிங் இந்தக் கட்டடத்துக்குள் பாடகராக வரவில்லை. 1962-ல் ஜார்ஜியாவிலிருந்து ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார்காரரைக் காரில் ஓட்டிக்கொண்டு வந்த டிரைவராக வந்தார். பதிவு முடிந்து நேரம் மிச்சமிருந்தது, ஒரு பாட்டு பாடிக் காட்டினார். அதுதான் தொடக்கம். ஐந்து வருஷம் கழித்து, 1967 கோடையில், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே சாசலிடோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது இந்தப் பாட்டின் முதல் வரிகள் அவருக்கு வந்தன. கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கிராப்பரோடு உட்கார்ந்து இங்கே முடித்தார். நவம்பரில் பதிவைத் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் மெருகேற்றினார்கள்.

டிசம்பர் 10, விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரத்து மொனோனா ஏரியில் அவர் விமானம் விழுந்தது. வயது 26. கூட வாசிக்கப் போன பார்-கேஸ் குழுவினர் இந்த மெம்பிஸ் பிள்ளைகள், இருபதைத் தொடாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். நால்வர் போனார்கள். விமானத்தில் இருந்தவர்களில் பிழைத்தது டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர்தான், இருக்கை மெத்தையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். துக்கம் ஆறுவதற்குள் கிராப்பர் உட்கார்ந்து, நண்பர் விட்டுப்போன பாட்டுக்கு அலைச் சத்தத்தையும் கடற்பறவைச் சத்தத்தையும் சேர்த்தார். 1968 ஜனவரியில் தட்டு வந்தது. மார்ச்சில் அமெரிக்காவின் முதலிடம். பாடியவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் பாட்டு இது.

இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அந்தச் சரிவான தரையில் நின்று நினைத்தபோது காலே நழுவுவது போலிருந்தது.

சரி, இனி சித்தி விஷயம். ஓரிடத்தில் பாட்டை ஒலிக்கவிட்டிருந்தார்கள். சித்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விசில் நெருங்கும்போது அவர் வலது கை தானாக மேலே எழுந்தது, ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் எதையோ பிடித்திருப்பது போல. பாட்டு தடங்கல் இல்லாமல் விசிலுக்குப் போய்விட்டது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

“டக்குங்கற சத்தம் இல்லையே” என்றார்.

“இது நல்ல பிரதி சித்தி. கீறல் இல்லாதது.”

“அதான், யாரோ பாடற மாதிரி இருக்கு.”

பெரிய கூடம் ஒன்றில் ஸ்டாக்ஸ் வெளியிட்ட தட்டுகளைச் சுவர் முழுக்க அடுக்கியிருக்கிறார்கள். ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேஸின், தங்க முலாம் அலங்காரம் செய்த காடிலாக் கார் வேறு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சித்தி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வெளியே வந்து, பல நாளாக மனசில் இருந்ததைச் சொன்னேன். பெயர் எழுதிய இந்தத் தட்டை இங்கேயே கொடுத்துவிட்டால் பத்திரமாக இருக்கும், எங்களுக்கு அப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. சித்தி யோசிக்கக்கூட இல்லை.

“கண்ணாடிக்குள்ள வச்சுட்டா யாரு காசு வைப்பா?”

நாங்கள் பார்த்த கட்டடமே பழசு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டாளியான அட்லாண்டிக் கம்பெனி கைமாறியபோதுதான், பழைய ஒப்பந்தத்தின்படி அதுவரை வந்த பாட்டுகளின் மூலப் பதிவுகள் தங்களுக்குச் சொந்தமில்லை என்று ஸ்டாக்ஸுக்குத் தெரிந்தது. 1975 கடைசியில் திவாலாகிக் கதவு மூடியது. 1989-ல் இடித்தார்கள். அதே மனையில், தரையின் சரிவு உட்பட அதே மாதிரி கட்டி, 2003-ல் திறந்தார்கள். இடித்த வருஷங்களிலும் தட்டுகள் வீடு வீடாக இருந்தன. திருச்சியில் ஒன்று இருந்தது.

மூன்றாம் நாள், சனி

லொரெய்ன் மோட்டல். இப்போது தேசிய சிவில் உரிமை அருங்காட்சியகம். 306-ம் எண் அறை, வாசலில் மலர் வளையம். 1968 ஏப்ரல் 4, மாலை 6.01-க்கு மார்ட்டின் லூதர் கிங் அந்த மாடி வராந்தாவில் சுடப்பட்டார்.

இந்த மோட்டல் ஸ்டாக்ஸ்காரர்களுக்கு இன்னொரு வீடு மாதிரி. வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து பாட்டு எழுத இந்த ஊரில் இடம் அரிதாக இருந்த காலம். கிராப்பரும் பாடகர் எடி ஃப்ளாயிடும் ‘நாக் ஆன் வுட்’ பாட்டை இங்கேதான் ஓர் அறையில் எழுதினார்கள்.

கிங் இந்த ஊருக்கு வந்தது துப்புரவுத் தொழிலாளர்களுக்காக. அந்தப் பிப்ரவரியில் மழைக்கு வண்டியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்களைக் குப்பை நசுக்கும் இயந்திரம் இழுத்துக் கொன்றது. சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். மெம்பிஸ் அம்மாவின் கணவர் அவர்களில் ஒருவர்.

உள்ளே அந்தக் காலத்துக் குப்பை வண்டி ஒன்று நிற்கிறது. நடப்பவர்களின் பெரிய புகைப்படங்கள். சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். மெம்பிஸ் அம்மாவின் கணவரை நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவர் பேனா எழுத்து ஒன்றுதான் தெரியும். இருந்தாலும் தேடினோம்.

சம்பளமில்லாத அந்த வாரங்களில் அவர் வாங்கிய ஒரே ஆடம்பரம் இந்த ரெக்கார்ட். மனைவி திட்டினாராம். பின்னால் சித்தப்பாவிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டாராம், “திட்டியிருக்கக் கூடாது” என்று. ஏப்ரல் 4 சாயங்காலம் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாட்டில் அந்த வாரமும் அதுதான் முதலிடம். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து செய்தி சொன்னாள். அவர் பாட்டை நிறுத்த எழுந்தார், கை நடுங்கி முள் தட்டின் குறுக்கே இழுபட்டது. அந்தக் கீறல்தான் இது.

பிறகு ஊரடங்கு. தெருவில் ராணுவம். பாட்டைக் கேட்கலாம் என்று போட்டால் விசிலுக்கு முன்னால் நின்று நின்று திரும்புகிறது. அவர்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு சென்ட் காசை எடுத்து வைத்துப் பார்த்தார். வேலைநிறுத்தம் ஏப்ரல் 16-ல் வெற்றியோடு முடிந்தது. மூன்று வருஷம் கழித்து அவர் இறந்தார். அதற்கப்புறம் பின்னறைக்கு சித்தப்பா வந்தார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் தட்டின் மறுபக்கத்துப் பாட்டு ‘ஸ்வீட் லொரீன்’. மோட்டல் பெயரை நான் படித்துக் காட்டியதும் சித்தி பெட்டியைத் திறந்து மறுபக்கத்தைப் பார்த்தார். எழுத்தும் வேறு, ஆளும் வேறு என்று சொன்னேன். “இருக்கட்டும்” என்றார்.

மாலையில் மிசிசிப்பிக் கரை. சித்தப்பா பரீட்சை முடிந்த நாட்களில் இங்கே வந்து உட்காருவார் என்று கேட்டிருக்கிறோம். “காவேரி நெறஞ்சு போறப்ப இப்படித்தான் இருக்கும், இந்த நெறம்” என்றார் சித்தி. இருட்டும்வரை இருந்தோம்.

நான்காம் நாள், ஞாயிறு

மெம்பிஸ் அம்மா 1983 வரைக்கும் கடிதம் எழுதினார். அப்புறம் நின்றுவிட்டது. உறையில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு போனோம்.

வீடு இல்லை. அந்தத் தெருவில் பல மனைகள் அப்படித்தான் கிடக்கின்றன. வெட்டிவிட்ட புல், ஒரு பெரிய மரம், அதற்கு முன்னால் எங்கேயும் போகாத மூன்று சிமெண்ட் படிகள். வாசற்படி மட்டும் மிஞ்சியிருக்கிறது. சித்தி அதில் உட்கார்ந்தார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

எதிர் வீட்டில் ஒரு கார் வந்து நின்றது. ஞாயிறு வழிபாடு முடிந்து வந்த ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தலையில் ஊதா நிறத் தொப்பி. ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். இந்த வீட்டில் இருந்தவர்களை அவருக்குத் தெரியாது. அவர் இங்கே வந்து பத்து வருஷம்தான், வந்தபோதே வீடு இல்லை. ரெக்கார்டைக் காட்டியதும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“என் பாட்டி சனிக்கிழமை காலை வீடு சுத்தம் செய்யும்போது இதைப் போடுவார். படுக்கையில் இருந்தபடி இந்தப் பாட்டு காதில் விழுந்தால், எழுந்து துடைப்பத்தை எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.”

காரில் பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்ட் பிளேயர் வைத்திருந்தேன். படியின் மேலேயே வைத்துப் போட்டேன். அலைச் சத்தம், கிட்டார், அப்புறம் அந்தக் குரல். கடைசிக்கு வந்ததும் முள் மாட்டிக்கொண்டது. ஒரே துண்டு, திரும்ப, திரும்ப. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். சித்தி அவசரப்படவில்லை. சுருக்குப்பையைத் திறந்து நாலணாவை எடுத்தார். சித்தப்பா வைத்த அதே காசு. இந்தியாவில் 2011-லேயே செல்லாமல் போன காசு. இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கி, முள்ளின் தலையில் வைத்தார்.

டக்.

விசில் வந்தது. அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து விசிலடித்தார், ஒரு சுரம் பிசகாமல், பாட்டு தேய்ந்து மறையும்வரை. சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் சித்தப்பா ஷேவ் செய்யும்போது இந்த விசிலை அடிப்பார். பொழுது சாய்ந்த பிறகு அடித்தால் பாட்டி உள்ளேயிருந்து சத்தம் போடுவார், “வீட்டுக்குள்ள விசிலடிச்சா பாம்பு வரும்டா!” அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். தன் பாட்டியும் பெண் பிள்ளை விசிலடிக்கக் கூடாது என்று திட்டுவார் என்றார் அவர். “ஆனால் எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.”

இரண்டாம் தடவை போட்டபோது சித்தி காசை அந்தப் பெண்ணிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் காசை வைத்ததில்லை. மூன்றாம் தடவை என்னிடம் தந்தார். எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது.

ஐந்தாம் நாள், திங்கள்

திரும்பிக்கொண்டிருக்கிறோம், டுபெலோவில் காப்பிக்கு நிறுத்திய இடத்தில் எழுதுகிறேன். காலையில் கிளம்பும்போது சித்தி ஒரு மளிகைக் கடையில் நிறுத்தச் சொன்னார். தட்டப்பயறு, ஒரு கிலோ. திருச்சியில் இதே பயறு கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். இந்த ஊர்ப் பயறுதான் வேண்டுமாம், ஜனவரிக்கு.

பெட்டி மடியில் இருக்கிறது. பயறு காலடியில். சித்தி உதட்டைக் குவித்துக்கொண்டு காற்றை ஊதிப் பார்க்கிறார். இதுவரை சத்தம் வரவில்லை.